ஆறாக வாங்க முடியாத மீனை ஒன்றாக வாங்காதீர்கள்

பொள்ளாச்சிப் பக்கமானாலும் சரி, எல்லையைத் தாண்டி கேரளத்தின் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கமானாலும் சரி, வண்ணமீன் கடையில் விலை ஜோடிக் கணக்கில்தான். ஒரு ஜோடி சில்வர் ஷார்க், ஒரு ஜோடி சில்வர் டாலர், ஒரு ஜோடி கிளவுன் லோச். அந்த வயதில் எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே அது ஜோடியே அல்ல, வெறும் இரண்டு மீன். விரல் நீளக் குஞ்சுகளாக நாலு வகையில் இரண்டிரண்டு வாங்கி 2 அடித் தொட்டியில் விட்டால், வீட்டுக்கு வந்த அன்று கண்ணுக்கு நிறைவாகத்தான் இருக்கும். ஆறு மாதத்தில் அதே தொட்டியில் ஒரு மீன் மூலையில் ஒதுங்கி நிற்கும், இன்னொன்று அதை விரட்டிக்கொண்டிருக்கும், மூன்றாவது மூடியில் முட்டி மூக்கைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும்.

இந்த மீன்களுக்கு இரண்டு தேவைகள் உண்டு: இடம், கூட்டாளி. பிரச்சினை தெரிந்த பிறகு பலரும் செய்வது ஒன்றைக் காப்பாற்ற மற்றொன்றைப் பறிப்பது. "பெரிசா வளருமாம், அப்ப ஒண்ணே போதும்" என்று ஒரே ஒரு சில்வர் ஷார்க்கை வைத்துக்கொள்வார்கள். மீன் வளர்ப்பில் அக்கறையோடு சொல்லப்படும் யோசனைகளில் இதைவிடக் கெடுதலானது வேறில்லை. தனியாக விட்ட கூட்ட மீன் நாள் முழுக்க எச்சரிக்கையிலேயே இருக்கும். ஆற்றில் பத்துக் கண்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆபத்தை இங்கே அது ஒன்றே பார்க்க வேண்டும். நிறம் வெளிறும், தீனிக்கு வெளியே வராது, ஆள் நடந்தாலே கண்ணாடியில் பாய்ந்து அடிபடும். நோய் எதிர்ப்பு குறைவதால் வெண்புள்ளி நோய் முதலில் அதைத்தான் பிடிக்கும்.

இரண்டாக வைத்தாலும் தீராது. கூட்டமாக வாழும் மீனுக்குள் மேல், கீழ் என்ற வரிசை உண்டு. ஆறு மீன் இருந்தால் தலைமை மீனின் விரட்டல் ஐந்தாகப் பங்கு பிரியும், எதற்கும் பெரிய அடி விழாது. இரண்டே இருந்தால் மொத்த அடியும் ஒன்றின் மேல்தான். மூன்றில் கடைசி மீன் சாகும், பிறகு இரண்டாகிவிடும். ஆகவே ஆறு என்பது குறைந்தபட்சம். எட்டு, பத்து என்றால் இன்னும் நல்லது. டைகர் பார்ப் மற்ற மீன்களின் வாலைக் கடிக்கிறது என்று புகார் சொல்பவர்கள் அநேகமாக மூன்றோ நாலோதான் வைத்திருப்பார்கள். பத்தாக்கினால் அவை தங்களுக்குள்ளேயே விரட்டி விளையாடும், மற்ற மீன்களை ஏறக்குறைய மறந்துவிடும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி "இது எவ்வளவு?" அல்ல, "இது முழுசா வளர்ந்தா எத்தனை அங்குலம்?" என்பதுதான். அந்த நீளத்தில் ஆறு மீன் நம் தொட்டியில் கொள்ளுமா என்று பார்க்க வேண்டும்.

சில்வர் டாலர் 15 செ.மீ. வரை போகும், வட்டமான உடம்பு, உள்ளங்கை அகலம். டின்ஃபாயில் பார்ப்பும் சில்வர் ஷார்க்கும் 35 செ.மீ. வரை வளரக்கூடியவை, தொட்டியில் 25 முதல் 30 வரை சாதாரணம். ஷார்க் என்ற பெயர் துடுப்பின் வடிவத்தால் வந்தது. உண்மையில் சில்வர் ஷார்க் கெண்டைக் குடும்பத்து மீன், தென்கிழக்கு ஆசிய ஆறுகளில் கூட்டமாக ஓடுவது. கிளவுன் லோச் 20 முதல் 25, சில 30 செ.மீ.; ஏஞ்சல் நீளத்தில் 15, துடுப்போடு உயரத்தில் அதைவிடக் கூட. கிண்ணத்தில் வைத்து விற்கும் கோல்ட்ஃபிஷ்ஷில் நீள உடம்புக் காமெட் வகை 25 செ.மீ. தாண்டும், நல்ல தண்ணீரில் பத்து, பதினைந்து வருடம் இருக்கும்.

இரண்டு மீன்களை மட்டும் எந்த வீட்டுத் தொட்டிக்கும் வாங்கவே கூடாது. ஒன்று, கறுப்பாகவோ வெள்ளையாகவோ வரும், கெளுத்திபோல் மீசை வைத்த "ஷார்க்" குஞ்சு. அது பங்காசியஸ். மீகாங் ஆற்றில் நெடுந்தூரம் வலசை போகும் மீன், ஒரு மீட்டரைத் தாண்டும். ஆந்திரக் குளங்களில் டன் கணக்கில் வளர்த்து நம் ஊர் ஹோட்டல்களில் பாசா என்று தட்டில் வருவதும் இதுதான். மற்றது, பிரானா என்று சொல்லி விற்கப்படும் சிவப்பு வயிற்றுக் குஞ்சு. பெரும்பாலும் அது பிரானா அல்ல, பாக்கு. ஆந்திராவில் ரூப்சந்த், கேரளத்தில் நட்டர் என்று மீன் சந்தையில் நிறுத்து விற்கிற அதே மீன். ஓராண்டுக்குள் கிலோக் கணக்கு எடைக்கு வரும் என்பதற்காகவே குளத்தில் விடப்படுவதை 50 லிட்டர் கண்ணாடிப் பெட்டியில் அடைப்பது அந்த உயிருக்குச் செய்யும் அநியாயம்.

"தொட்டிக்குத் தக்கபடிதான் மீன் வளரும்" என்று கடையில் சொல்வார்கள். சிறிய தொட்டியில் மீன் குட்டையாக நிற்பது உண்மைதான். ஆனால் அது மீன் இடத்துக்குத் தக்கபடி ஒடுங்கிக்கொண்டதல்ல. கழிவு சேர்ந்த தண்ணீரும் ஓட இடமில்லாத நெருக்கமும் வளர்ச்சியை முடக்கிவிட்டன. முதுகு கூனிய, வயிறு ஒட்டிய, உடம்புக்குப் பொருந்தாமல் கண் பெருத்த மீன்களைப் பார்த்திருப்பீர்கள். இருபது வருடம் வாழ வேண்டியது மூன்றாம் வருடம் போய்விடும், வீட்டில் எல்லோரும் அதன் ஆயுசு அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

கணக்கு எளிது. அதிகம் ஓடாத, அடிமட்டத்து மீனானால் வளர்ந்த நீளத்தைப்போல் ஆறு மடங்கு தொட்டி நீளம். ஓடிக்கொண்டே இருக்கும் மீனானால் எட்டு மடங்கு. அகலம் இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது, இல்லையென்றால் மீன் வளைந்துதான் திரும்ப முடியும். சில்வர் டாலர் 15 செ.மீ., எட்டு மடங்கு 120, அதாவது 4 அடி. கிளவுன் லோச் 25 செ.மீ., ஆறு மடங்கு 150. கூட்டத்துக்கும் சேர்த்து 6 அடி. சில்வர் ஷார்க் 30 செ.மீ., எட்டு மடங்கு 240, அதாவது 8 அடி. இது கைக்கணக்குதான், ஆனாலும் பெரிதாகத் தவறாது. லிட்டரைவிட நீளமும் அகலமும் முக்கியம். உயரம் கூடக்கூடச் செலவு கூடுமே தவிர மீனுக்குப் பயன் அதிகமில்லை, உயர உடம்புள்ள ஏஞ்சலும் டிஸ்கஸும் விதிவிலக்கு.

2 அடிக்கு 1 அடிக்கு 1 அடித் தொட்டியில் விளிம்புவரை 56 லிட்டர் பிடிக்கும். மணலும் மேல் இடைவெளியும் போக 45தான். 4 அடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை என்றால் 255 லிட்டர். 6 அடிக்கு 2க்கு 2 என்றால் 680. 8 அடிக்கு இரண்டரைக்கு 2 என்றால் 1,130. தொட்டியின் நீளத்தை மூன்று மடங்காக்கி, அகலமும் உயரமும் இரண்டு மடங்கானாலே தண்ணீர் பன்னிரண்டு மடங்காகிவிடுகிறது. பின்னால் பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று குஞ்சை வாங்குபவர்கள் பெரும்பாலும் மாற்றாமலே விடுவது இந்த இடத்தில்தான். முதலில் தொட்டி, பிறகு மீன். இந்த வரிசை மாறக் கூடாது.

எடையைப் பார்ப்போம். 6 அடித் தொட்டிக்கு 12 மி.மீ. கண்ணாடி போட வேண்டும். 4 சதுர மீட்டருக்குச் சற்று மேல் வரும், கண்ணாடி மட்டும் 120 கிலோ. தண்ணீர் 600க்கு மேல், மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து 900 கிலோ வரை போகும். வீட்டு மாடித் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற பயன்பாட்டுச் சுமைக்கு வடிவமைப்பது வழக்கம். இந்தத் தொட்டி நிற்கும் இடமோ ஒன்றேகால் சதுர மீட்டருக்கும் குறைவு. ஆகவே தரைத்தளம் நல்லது. மாடியில்தான் என்றால் சுவரை ஒட்டி, பீமின் மேல் வருகிறமாதிரி, பொறியாளர் ஒருவரைக் காட்டிவிட்டு வையுங்கள். 4 அடித் தொட்டிக்கு 10 மி.மீ. போதும். 8 மி.மீ. போட்டுத் தருகிறேன், விலை குறையும் என்று சொன்னால் அந்த ஆயிரம் இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். தண்ணீர் நிற்கும், ஆனால் நடுவில் கண்ணாடி வயிறு தள்ளும். அந்த இழுப்பில் ஒட்டு வருடக்கணக்கில் தளர்ந்து ஒருநாள் ராத்திரியில் விடும்.

ஒட்டுவதற்கு வினிகர் வாசனை அடிக்கும் சாதாரண அசெட்டிக் சிலிக்கான்தான் வேண்டும். பாத்ரூமுக்கென்று வரும் சிலிக்கானில் பூஞ்சை தடுப்பு மருந்து கலந்திருக்கும், அது மீனுக்கு விஷம். 6 அடித் தொட்டி என்றால் மேல் விளிம்பைச் சுற்றி உள்பக்கமாகக் கண்ணாடிப் பட்டையும், நடுவில் குறுக்குப் பட்டையும் இருக்க வேண்டும். ஒட்டி ஒரு வாரம் காயவிட்டு, வெளியே நிழலில் நிரப்பி மூன்று நாள் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுக்க வேண்டும். ஸ்டாண்டை 2 அங்குலச் சதுரக் குழாயில் ஆறு கால் வைத்துப் பற்றவைக்கச் சொல்லுங்கள். கொத்தனாரின் டியூப் லெவலை வைத்து நாலு மூலையும் பார்த்து, வித்தியாசத்தைக் காலுக்கடியில் தகடு வைத்துச் சரிசெய்ய வேண்டும். கண்ணாடிக்கடியில் அட்டை சொருகிச் சரிசெய்தால் அந்தப் புள்ளியில்தான் விரிசல் விடும். ஸ்டாண்டின் மேல் 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல், அதன்மேல் தொட்டி. பலகையில் கிடக்கிற ஒரு மணல் பரல் தெர்மாகோல் இல்லாத கண்ணாடியை உடைத்துவிடும்.

கண்ணாடிக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு நம் பக்கத்தில் நல்ல வழி ஒன்று இருக்கிறது: கிணற்று உறை. 5 அடி விட்டத்து உறையைத் தளம்போட்டுப் பூசி, 2 அடித் தண்ணீர் நிறுத்தினால் ஏறக்குறைய 1,100 லிட்டர். கோல்ட்ஃபிஷ் கூட்டத்துக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. புதுச் சிமெண்ட் தண்ணீரில் காரத்தை விடும், அமில-கார அளவான பி.எச். 10க்கு மேல் போகும், அதில் விட்ட மீன் அன்றைக்கே சாகும். வாழைத்தண்டை வெட்டிப்போட்டு ஊறவைத்து, நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை முழுக்க இறைத்து, மூன்று நாலு வாரம் இப்படிச் செய்யுங்கள். நிரப்பி மூன்று நாள் நின்ற பிறகும் பி.எச். 8.5க்குள் இருந்தால் மீன் விடலாம். மேலே 50 சதவீத நிழல்வலை கட்டாயம். அது வெயிலுக்கும் ஆகும், கொக்குக்கும் மீன்கொத்திக்கும் ஆகும்.

இனித் தண்ணீர். எல்லைப்பகுதியில் மீன் வளர்ப்பவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் இங்கே ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு தண்ணீர் இருக்கின்றன. கோவைக்கு வரும் சிறுவாணி மிக மென்மையானது; பாலக்காட்டு மலையில் பிறந்து, உப்பே சேராமல் குழாய்க்கு வருவது. சித்தூர், வேலந்தாவளம் பக்கத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் கடினம், காரம். ஒரே மீனை ஒரே முறையில் இரண்டு ஊரில் வளர்த்தால் இரண்டு விதமாகச் சாகும்.

போர் தண்ணீரில் ஆபத்து அம்மோனியா. மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. அதில் ஒரு பங்குதான் செவுளை எரிக்கும் விஷ வடிவில் இருக்கும், அந்தப் பங்கைத் தீர்மானிப்பது பி.எச். 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் 0.7 சதவீதம், 8 என்றால் ஆறரை, 8.2 என்றால் பத்து. சோதனைக் குப்பியில் அதே நிறம் காட்டும் அம்மோனியா சிறுவாணித் தண்ணீரில் மீனைச் சோர்வாக்கும், போர் தண்ணீரில் கொன்றுவிடும். கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டர் கரைந்த உப்பின் மொத்த அளவைத்தான் சொல்லும், இதைச் சொல்லாது. அம்மோனியா, அதைப் பாக்டீரியா மாற்றும்போது இடையில் வரும் நைட்ரைட், பி.எச்., கார்பனேட் கடினம் ஆகிய நான்கையும் சொட்டு மருந்துச் சோதனையில்தான் பார்க்க வேண்டும். லோச் போன்ற மென்தண்ணீர் மீனுக்குப் போர் தண்ணீரோடு மழைத்தண்ணீரைக் கலக்கலாம். முதல் இரண்டு மழையைக் கூரையிலிருந்து வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடித்துவையுங்கள். 800 டி.டி.எஸ். தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்தால் 400 சொச்சத்துக்கு வரும்.

சிறுவாணியில் ஆபத்து மெதுவாக வரும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு மில்லிகிராம் காரத்தன்மையை (சோதனையில் கார்பனேட் கடினம் என்று பார்ப்பது) தின்னும். மென்தண்ணீரில் இருப்பதே கொஞ்சம். பெரிய மீன் ஆறு இருந்து, தண்ணீர் மாற்றுவதும் தள்ளிப்போனால் காரத்தன்மை தீர்ந்து பி.எச். 6க்குக் கீழே விழும், பாக்டீரியா வேலையை நிறுத்தும், அம்மோனியா சேரத் தொடங்கும். பி.எச். குறைவாக இருப்பதால் அது அப்போதைக்குக் கொல்லாது. இந்த நிலையில் பயந்துபோய்ப் பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினால் பி.எச். ஏறி, சேர்ந்திருந்த அம்மோனியாவில் விஷப் பங்கு கூடி, அன்று மாலையே எல்லாம் மிதக்கும். "தண்ணி மாத்தினதுதான் தப்பு" என்று நினைப்பார்கள். தப்பு, மாற்றாமல் விட்ட மூன்று மாதம். தினம் பத்து சதவீதமாக மாற்றி மீட்க வேண்டும். இப்படி ஆகாமலிருக்க, கழுவிய கிளிஞ்சல் ஒரு கைப்பிடியை வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வைத்தால் போதும்.

குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) படிகம். 1,000 லிட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் 7 கிராம் தேவை. புதுத் தொட்டியில் மீன் விடுமுன் 4 முதல் 6 வாரம் ஃபில்டரை ஓடவிட்டுப் பாக்டீரியாவை வளர்க்க வேண்டும். நன்றாக ஓடும் தொட்டியிலிருந்து பழைய ஸ்பாஞ்சு ஒன்று கிடைத்தால் இரண்டு வாரத்தில் முடியும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் அம்மோனியா சேர்த்து, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமானால் தொட்டி தயார்.

பெரிய தொட்டிக்கு சம்ப், அதாவது அதன் கீழே ஃபில்டருக்கென்று ஒரு தனித் தொட்டி, வைப்பதே நல்லது. 680 லிட்டருக்கு மணிக்கு 3,000 முதல் 4,000 லிட்டர் தள்ளும் பம்ப். அழுக்கைப் பிடிக்க முதலில் வெள்ளைப் பஞ்சு, பிறகு ஸ்பாஞ்சு, அதன் பிறகே பாக்டீரியா தங்கும் செராமிக் வளையமோ லாவாக் கல்லோ. வரிசை மாறினால் வளையத்தின் துளை அடைத்துப்போகும். பம்ப் நின்றால் மேல் தொட்டியிலிருந்து ஓர் அங்குலத் தண்ணீர் கீழே இறங்கும், 6 அடித் தொட்டியில் அது 28 லிட்டர். சம்பில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்க வேண்டும். திரும்பும் குழாயில் தண்ணீர் மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளை போடுவது, கரண்ட் போனபோது தண்ணீர் பின்னோக்கி உறிஞ்சப்படாமல் நிறுத்தத்தான். அந்தத் துளையில் பாசி அடைத்தால் கூடம் குளமாகும். மாதம் ஒருமுறை குச்சி விட்டுக் குத்துங்கள்.

கரண்ட் போவதைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் மீன் வளர்ப்பைப் பேச முடியாது. ஏர் பம்ப் 5, 10 வாட்தான், அதை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிடுங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் சில மணி நேரம் நின்றாலே உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா அழுகத் தொடங்கும். கரண்ட் வந்ததும் அந்தக் கறுப்புத் தண்ணீரைத் தொட்டிக்குள் தள்ள விடாமல், கழற்றிக் கொட்டிவிட்டுப் போடுங்கள். எல்லா வயரும் பிளக்கை விடத் தாழ்வாகத் தொங்கிப் பிறகு மேலேறட்டும், வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத லைனில் தொட்டியை ஓட்டவே வேண்டாம்.

பாலக்காட்டுக் கணவாயின் வெயில் மார்ச், ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும். 25 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 35 டிகிரித் தண்ணீர் 7தான். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும், பெரிய மீன் முதலில் மேலே வந்து வாயைப் பிளக்கும். கணவாய்க் காற்று காய்ந்த காற்று என்பது நமக்கு ஒரு வசதி. தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறு விசிறி வைத்தால் ஆவியாகி 2, 3 டிகிரி இறங்கும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்ததை மழைத்தண்ணீராலோ ஆர்.ஓ. தண்ணீராலோ நிரப்ப வேண்டும். ஜூன் பிறந்து சாரல் தொடங்கிவிட்டால் விசிறியை எடுத்துவிடலாம். அப்போது லோச்சுக்கு ஹீட்டர்கூடத் தேவைப்படும்.

லோச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கூட்டத்தின் அருமை இவ்வளவு வெளிப்படையாகத் தெரியும் மீன் வேறில்லை. சுமத்ரா, போர்னியோ ஆறுகளின் மீன், இருபது வருடத்துக்கு மேல் வாழும். ஆறு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொண்டு ஒரே குழாய்க்குள் படுக்கும், ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு கண்ணாடியோரமாக மேலும் கீழும் நீந்தும், தீனி பிடித்துவிட்டால் வெளியே கேட்கும்படி "க்ளிக்" என்று சத்தம் போடும். பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோல் கிடக்கும், அதுவே அதன் தூக்கம். வலையைப் போட்டு எழுப்பிவிடாதீர்கள். தலைமைக்குச் சண்டை வரும்போது நிறம் சாம்பலாகும், அரைமணியில் திரும்பிவிடும். ஒன்றிரண்டாக வைத்த லோச் இதில் எதையும் செய்யாது. கல்லுக்கடியில் ஒளிந்து, ராத்திரி மட்டும் வந்து போகும்.

அதன் கண்ணுக்குக் கீழே மடக்கு முள் ஒன்று உண்டு. பயந்தால் விரியும், வலையில் மாட்டினால் பிரித்தெடுக்க முடியாது. பிளாஸ்டிக் டப்பாவால் தண்ணீரோடு மொண்டு எடுப்பதே சரி. தோலில் செதில் மிக நுண்ணியது, அதனால் மருந்து வேகமாக உள்ளே போகும். வெண்புள்ளி வந்தால் மலாக்கைட் பச்சையை அட்டையில் போட்ட அளவில் பாதி, வெப்பம் 30 டிகிரிக்கு மெதுவாக ஏற்றி, காற்றோட்டம் கூட்டி, புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடர வேண்டும். மீனின் மேல் இருக்கும் புள்ளிக்குள் மருந்து போகாது. கிருமி கழன்று தண்ணீரில் நீந்தும் நேரத்தில்தான் சாகும், அதனால்தான் இந்த நீண்ட கணக்கு. புதிதாக வாங்கும் எதையும் மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துவிட்டுச் சேர்த்தால் இந்தப் பாடு முக்கால்வாசி வராது.

வாரம் 25 முதல் 30 சதவீதத் தண்ணீர் மாற்ற வேண்டும். 6 அடித் தொட்டிக்கு அது 170 முதல் 200 லிட்டர். வாளியில் சுமந்தால் மூன்றாம் மாதம் அலுத்துவிடும், ஆகவே தொட்டி வைக்கும்போதே ஹோஸ் வெளியே போக வழி வையுங்கள். கோடையில் தண்ணீருக்கு லாரியை எதிர்பார்க்கும் தெருவில் இருந்தால் இந்த அளவுத் தொட்டி வேண்டாம். தோட்டம் இருந்தால் ஒரு சொட்டும் வீணில்லை. நைட்ரேட் நிறைந்த அந்தத் தண்ணீரில் தென்னையும் கறிவேப்பிலையும் செழிக்கும், உப்போ மருந்தோ போட்ட வாரம் மட்டும் விடக் கூடாது.

நம் மலையின் மீனே ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கிறது. மிஸ் கேரளா என்று விற்கப்படும் டெனிசன் பார்ப். 1865இல் மீனியலாளர் ஃபிரான்சிஸ் டே கேரளத்தின் முண்டக்கயத்து மீனை வைத்து விவரித்து, அன்றைய மதராஸ் கவர்னர் டெனிசனின் பெயரை வைத்தார். 2013இல் அதற்கும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு மீனுக்கும் சஹ்யாத்ரியா என்று தனிப் பேரினம் வகுக்கப்பட்டது. 15 செ.மீ. வளரும் கூட்ட மீன். வேகமாக ஓடும் ஓடையில் பிறந்ததால் 26 டிகிரிக்கு மேல் போகாத, நீரோட்டமுள்ள 4, 5 அடித் தொட்டி வேண்டும். கணவாய்ச் சூட்டில் இதைக் காப்பாற்றுவது கடினம். அலங்கார மீன் வியாபாரத்துக்காக ஆற்றிலிருந்து அள்ளியெடுத்ததும் சேர்ந்து அழியும் நிலைக்கு வந்துவிட்ட இனம். வனத்துறையின் இன்றைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பண்ணையில் பிறந்ததற்கு ரசீது தருபவரிடம் மட்டும் வாங்குங்கள். ஆற்று மீன் என்று தெரிந்தால் வேண்டவே வேண்டாம்.

2 அடித் தொட்டிதான் இருக்கிறதா? அதிலும் கூட்டத்தைப் பார்க்கலாம். செர்ரி பார்ப் எட்டு, அல்லது ஹார்லிகுவின் ரஸ்போரா எட்டு, அல்லது நியான் டெட்ரா பத்து. ஒரே வகை, ஒரே கூட்டம். எல்லாமே 5 செ.மீ.க்குள் நிற்பவை. நாலு வகையில் இரண்டிரண்டைவிட ஒரே வகையில் எட்டு எவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதை ஒரு வாரத்தில் பார்ப்பீர்கள்.

வாங்கிவிட்டவர்கள், மீன் ஏற்கெனவே ஒரு சாண் ஆகிவிட்டவர்கள் என்ன செய்வது? கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள், பணம் எதிர்பார்க்காமல் கேட்டால் பெரும்பாலும் எடுப்பார்கள். பெரிய தொட்டியோ குளமோ வைத்து அதே இனத்தை வளர்ப்பவரிடம் கொடுப்பது அதைவிட நல்லது, ஏனென்றால் உங்கள் ஒற்றை மீனுக்கு அங்கே கூட்டம் கிடைக்கும். ஆழியாற்றிலோ சித்தூர்ப் புழையிலோ ஏரியிலோ விடுவது மட்டும் கூடவே கூடாது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அராபைமா, அலிகேட்டர் கார் என்ற வெளிநாட்டு ராட்சத மீன்கள் வலையில் வந்தன. வளர்ப்பிடங்களிலிருந்து வெள்ளம் கொண்டுபோனவை. டேங்க் கிளீனர் என்று ஐம்பது ரூபாய்க்கு விற்கும் மீன் இரு மாநில நீர்நிலைகளிலும் பெருகி, வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. அவற்றைத் தண்ணீரில் விட்டவர்களில் பலர் இரக்கப்பட்டுத்தான் விட்டிருப்பார்கள்.

கொண்டுபோகும்போது முந்தின நாள் தீனி வேண்டாம். ஒரு சாண் மீனுக்குக் கவர் ஆகாது, மூடியுள்ள 60 லிட்டர் பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குத் தொட்டித் தண்ணீரும் பேட்டரி ஏர் பம்பும் போதும். வெயிலுக்கு முன்னால், காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள். கவரில்தான் வந்தது, பயணமும் நாலு மணிக்கு மேல் என்றால், கவரைப் பிரித்துவைத்துச் சொட்டுச் சொட்டாக ஒரு மணி நேரம் தண்ணீர் சேர்க்காதீர்கள். பிரித்த உடனே கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், சேர்ந்திருக்கும் அம்மோனியா அந்த நிமிஷமே விஷமாகும். மூடிய கவரைக் கால்மணி மிதக்கவிட்டுச் சூடு சமமானதும், பிரித்து, மீனை மட்டும் எடுத்துப் புதுத் தொட்டியில் விட்டுவிடுங்கள். கவர் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. அன்றும் மறுநாளும் விளக்கு வேண்டாம், தீனி வேண்டாம், மூடியின் மேல் கனமாக ஏதாவது வையுங்கள். மூன்றாம் நாள் காலையில் ஒரு சிட்டிகை போட்டுப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே இருக்கும் கூட்டம் மேலே வரும்போது இதுவும் பின்னாலேயே வரும்.